பழைய பிக்கப்ல முன் டிரம் பிரேக்க எடுத்துட்டு டிஸ்க் பிரேக் மாத்தறதுக்கு முன்னாடி இத பாருங்க

1967க்கு முந்தைய அமெரிக்க பிக்கப் வச்சிருக்கீங்கன்னா அதுல பெரும்பாலும் ஒரே சேம்பர் மாஸ்டர் சிலிண்டர்தான் (பெடல மிதிச்சா பிரேக் ஃப்ளூயிட வீலுக்கு தள்ளற பாகம்) இருக்கும், எங்கயாவது ஒரு லைன் லீக் ஆச்சுன்னா நாலு வீல்லயும் பிரேக் போயிடும். அதனால முன்னாடி டிஸ்க் போடறதுக்கு முன்ன முன்னாடிக்கும் பின்னாடிக்கும் தனித்தனி சேம்பர் இருக்கற டூயல் மாஸ்டர் சிலிண்டரா மாத்துங்க, என்னைக் கேட்டா இதுதான் முதல் வேலை.

நிறைய பேர் கோட்டை விடற இடம் ஒண்ணு இருக்கு. பழைய வண்டில மாஸ்டர் சிலிண்டர் ஃப்ளோருக்கு அடில காலிப்பர (பேட டிஸ்க் மேல அழுத்தற பாகம்) விட தாழ்வா இருக்கும், அப்போ ஃப்ளூயிட் திரும்பி வடிஞ்சு பெடல் ரொம்ப கீழ போகும். டிஸ்க் லைனுக்கு 2 பிஎஸ்ஐ, டிரம் லைனுக்கு 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தோட அளவு) ரெசிடுவல் வால்வு, அதாவது லைன்ல கொஞ்சம் அழுத்தத்த தேக்கி வைக்கற வால்வு போடணும், ரெண்டயும் மாத்தி போட்டுட்டா டிஸ்க் பேட் உரசிக்கிட்டே இருந்து சூடாகிடும், தயவுசெஞ்சு கவனமா இருங்க. பின்னாடி டிரம் லைன்ல அட்ஜஸ்டபிள் ப்ரொபோர்ஷனிங் வால்வும் (பின் பிரேக்குக்கு போற அழுத்தத்த குறைக்கறது) வேணும், இல்லன்னா சடன் பிரேக்ல காலி வண்டியோட பின் வீல் லாக் ஆகி வால் சுத்திடும்.

ரப்பர் ஹோஸயும் புதுசா மாத்திடுங்க. டாட் 3, டாட் 4 பிரேக் ஃப்ளூயிடோட சிலிக்கோன் டாட் 5 கலக்கவே கூடாது.