மூடிக்கிடந்த ஹோட்டலைத் திறக்கும்போது: ஆள் சேர்ப்பதும் பயிற்சியும்

விளம்பரம் கொடுப்பதெல்லாம் அப்புறம், முதலில் பழைய ஆட்களுக்குப் போன் போடுங்கள். கொரோனாவால் எல்லாம் மூடிக்கிடந்த 2020-ல் உலகம் முழுக்கச் சுற்றுலாவை நம்பியிருந்த சுமார் 6.2 கோடி வேலைகள் போனதாக உலகப் பயண, சுற்றுலா மன்றம் கணக்குச் சொன்னது. அப்படிப் போனவர்களில் பலர் டெலிவரி, கிடங்கு என்று வேறு வேலையில் ஒட்டிக்கொண்டார்கள், கொஞ்சமோ நஞ்சமோ கையில் காசு வருகிறது, அதை விட்டுவிட்டு "திறந்துட்டோம், வாங்க" என்ற ஒரு வார்த்தைக்கு யார் வருவார்கள்? வாரத்துக்கு எத்தனை ஷிஃப்ட் உறுதி, மறுபடி மூட நேர்ந்தால் என்ன தருவீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். பழைய சம்பள பாக்கி இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுப் பேசுங்கள்.

பயிற்சி நாளும் வேலை நாள்தான், அதற்கும் சம்பளம் உண்டு. ஹாலில் உட்காரவைத்துப் படம் காட்டாதீர்கள். இரண்டு இரண்டு பேராகக் காலி அறைக்குக் கூட்டிப்போய்ச் செய்து காட்டுங்கள்.

குழாயில் தொடங்குங்கள். வாரக்கணக்கில் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும், நுண்துளியாக மூச்சில் போனால் நிமோனியா வரும். அதனால் ஷவரின் தலையைக் கழற்றிவிட்டு, தெறிக்காதபடி, வெந்நீர், தண்ணீர் இரண்டையும் நன்றாக ஓடவிட வேண்டும்.

அடுத்தது கிருமிநாசினி. நான் பார்த்தவரை அனுபவசாலிகளே தவறுவது இங்கேதான்: தெளித்த கையோடு துணியால் துடைத்துவிடுகிறார்கள், பளபளவென்று இருக்கும், ஆனால் கிருமி சாகாது. முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுக்க வேண்டும், பிறகு மருந்தைத் தெளித்து, லேபிளில் போட்டிருக்கும் நிமிடங்கள் வரை அந்த இடம் ஈரமாகவே இருக்க வேண்டும். கையில் கடிகாரத்தைக் கொடுத்துக் காத்திருக்கச் சொல்லுங்கள், அந்தக் காத்திருப்புதான் பாடம். பிளீச்சோடு ஆசிட்டையோ அமோனியாவையோ கலக்கக் கூடாது, விஷவாயு வரும்.

ஆள் குறைவாக இருப்பதால் ஒருவருக்கு இரண்டு வேலை தெரிந்திருப்பது நல்லது. ரிசப்ஷனில் இருப்பவர் அறையைச் சரிபார்க்கக் கற்கட்டும், ஆனால் கூடுதல் பொறுப்புக்குக் கூடுதல் சம்பளம் கொடுங்கள்.

புதியவரை முதல் வாரம் பழைய கையோடு சேர்த்தே ஷிஃப்ட் போடுங்கள். ரத்தான முன்பதிவுக்குப் பணம் கேட்டுக் கோபமாக வரும் விருந்தினர்முன் அவரைத் தனியாக நிறுத்தாதீர்கள். எவ்வளவு வரை அவரே திருப்பிக் கொடுக்கலாம், அதற்கு மேல் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.