தடுப்பூசி ஆபத்தா? பெற்றோர் கணக்கில் விடுபடும் பாதி

ஊசி போட்டால் என்ன ஆகும் என்று தேடித் தேடிப் படிக்கும் பெற்றோர் பலர், போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை அதே அக்கறையோடு படிப்பதில்லை. முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான். போடாமல் இருப்பதும் நாம் எடுக்கும் முடிவே. ஆனால் நம் கையால் பிள்ளைக்கு ஒன்று நேர்ந்தால் தாங்காத மனம், தானாக வந்த நோய் என்றால் விதி என்று ஆறிப்போகிறது. அமெரிக்க அறிஞரும் அரசியல் தலைவருமான பெஞ்சமின் பிராங்க்ளின் 1736இல் நான்கு வயது மகனைப் பெரியம்மைக்குப் பறிகொடுத்தார். அம்மை குத்தாமல் விட்டதை எண்ணிப் பிற்காலத்திலும் வருந்தி எழுதினார். எந்தப் பக்கம் போனாலும் வருந்த நேரலாம், அதனால் ஆபத்து குறைந்த வழியை எடுங்கள் என்பது மற்ற பெற்றோருக்கு அவர் சொன்னது.

தட்டம்மையைப் பாருங்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசிக்குப் பின் காய்ச்சல் வலிப்பு வருவது சுமார் 3,000 முதல் 4,000 டோஸ்களுக்கு ஒன்று. பார்க்கக் குலைநடுங்கும், ஆனால் பொதுவாக நிரந்தரப் பாதிப்பு இருக்காது. கடும் ஒவ்வாமை ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்று. நோயே வந்துவிட்டால் சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை அழற்சி. நல்ல மருத்துவ வசதி உள்ள நாடுகளிலும் ஆயிரத்தில் 1 முதல் 3 பேர் இறக்கிறார்கள்.

“அந்த நோயெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது?” என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஊசி குறைந்தால் நோய் திரும்பி வரும். ஜப்பானில் 1975இல், ஊசிக்குப் பின் இரு குழந்தைகள் இறந்ததும் கக்குவான் தடுப்பூசியைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். மீண்டும் தொடங்கியும் பலர் போட்டுக்கொள்ள முன்வரவில்லை. 1979இல் 13,000 பேருக்கு மேல் நோய், 41 இறப்புகள்.

ஊசிக்குப் ‘பின்’ நடந்ததை ஊசி‘யால்’ நடந்ததாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. ஆட்டிசத்தின் அறிகுறிகள் வெளியே தெரியத் தொடங்கும் வயதும் எம்.எம்.ஆர். போடும் வயதும் ஒன்றையொன்று ஒட்டியே வருகின்றன. இரண்டையும் முடிச்சுப்போட்ட பிரிட்டிஷ் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998 கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. 2010இல் திரும்பப் பெறப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளுக்கு மேல் ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு எந்தத் தொடர்பையும் காணவில்லை.

“கொஞ்சம் வளரட்டும், பிறகு போடலாம்” என்பதும் பாதுகாப்பான நடுவழி அல்ல. கக்குவான் அதிகம் கொல்வது பிறந்த முதல் சில மாதங்களில்தான்.

சாதாரணச் சளிக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. முந்தைய டோஸுக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தாலோ, குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்திக் குறைபாடு இருந்தாலோ, ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.