டிப் டீயா, தூளா, இலையா? குன்னூர்க் கடையிலிருந்து ஒரு கணக்கு

"டீ பேக் வாங்கலாமா, தூளே வாங்கலாமா?" என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். வீட்டில் பால் ஊற்றிக் கொதிக்க வைக்கிறீர்களா, வெந்நீரில் ஊற வைத்துக் குடிக்கிறீர்களா? இதற்குப் பதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. குன்னூரில் தேயிலைக் கடை நடத்துகிறேன். மூன்று வகையும் விற்கிறேன், மூன்றிலும் எனக்கு லாபம் உண்டு. அதனால் ஒன்றைத் தூக்கிப் பேச வேண்டிய கட்டாயம் எனக்கில்லை.

பால் டீதான் என்றால் டீ பேக் பக்கமே போகாதீர்கள். மதுரையிலிருந்து வந்த ஒரு அக்கா கேட்டார்: "ஏங்க, டிப் டீ போட்டுக் குடுத்தா எங்க வீட்டுக்காரர் வெந்நீர்னு சொல்றாரு, நல்ல பிராண்டுதானே?" "நேரா பால்லயா முக்குறீங்க?" என்றேன். ஆமாம் என்றார். பிராண்டின் மேல் குற்றமில்லை. வெந்நீரில் இறங்குகிற அளவுக்குச் சாறு பாலில் இறங்காது. இறங்கிய துவர்ப்பையும் பாலில் இருக்கும் புரதம் பிடித்துக்கொள்ளும். அதை மீறி டீ நாக்கில் தெரிய வேண்டுமானால் டிகாக்ஷன் கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு பைக்குள் இருப்பது சுமார் 2 கிராம் தூள். ஒரு குவளை வெந்நீருக்கென்று அளந்து போட்டது அது. இஞ்சி தட்டி, ஏலக்காய் போட்டு, நாலு பேருக்கு ஒரே பாத்திரத்தில் கொதிக்க வைக்கும் நம் வீட்டு டீக்கு அது காணாது. பையைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைப்பவர்களும் இருக்கிறார்கள். பை கிழிந்து தூள் வெளியே வந்ததும் எப்படியும் வடிகட்டியைத் தேடத்தான் வேண்டும்.

தொழிற்சாலையில் என்ன நடக்கிறது

ஒரே செடி, ஒரே 'ரெண்டு இலை ஒரு கொழுந்து'. தொழிற்சாலைக்குள் போனதும் வழி இரண்டாகப் பிரிகிறது. ஆர்த்தடாக்ஸ் முறையில் கொழுந்தை மணிக்கணக்காக வாட்டி, ரோலரில் முறுக்கி, காற்றுப் படப் பரப்பி நிறம் மாற விட்டு, பிறகு ட்ரையரில் காய வைப்பார்கள். இலை முறுக்கிய வடிவத்திலேயே இருக்கும். சிடிசி முறையில் பல் வைத்த இரட்டை உருளைகளுக்கு நடுவே கொழுந்தை விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டுவார்கள். வெளியே வருவது சின்னச் சின்ன மணிகள். 1930களில் அஸ்ஸாமில் தொடங்கிய முறை இது. இப்போது நீலகிரித் தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை இதில்தான் ஓடுகின்றன. பாலுக்கு ஈடு கொடுக்கும் நிறமும் அழுத்தமும் இதிலிருந்துதான் கிடைக்கும்.

காய்ந்த பிறகு சல்லடையில் சலித்து அளவு வாரியாகப் பிரிப்பார்கள். ஆர்த்தடாக்ஸில் முழு இலை ஓபி. உடைந்த இலை பிஓபி. அதைவிடப் பொடியானது பிஓபிஎஃப். கடைசிச் சல்லடைக்குக் கீழே விழுவது டஸ்ட். சிடிசியிலும் இதே மாதிரி பெரிய மணியிலிருந்து டஸ்ட் வரை வரிசை உண்டு. டீ பேக்குக்குள் பெரும்பாலும் போவது அந்தப் பொடி ரகமும் டஸ்டும்தான். சின்ன துகளில் வெந்நீர் சட்டென்று ஊடுருவும், இரண்டு மூன்று நிமிடத்தில் நிறம் இறங்கிவிடும்.

டஸ்ட் என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. தரையைக் கூட்டி அள்ளியது என்று நினைப்பு. அப்படியெல்லாம் இல்லை, அது ஒரு ரகம். 1963-லிருந்து குன்னூரில் நடக்கிற ஏலத்தில் லீஃபுக்கு ஒரு பட்டியல், டஸ்டுக்கு ஒரு பட்டியல். நல்ல தொழிற்சாலையின் டஸ்ட், சுமாரான தொழிற்சாலையின் லீஃபைவிட அதிக விலைக்குப் போகும் நாளும் உண்டு. தமிழ்நாட்டு டீக்கடையில் துணி வடிகட்டியில் இறங்கும் அந்தக் கெட்டிச் சாயம் டஸ்டிலிருந்து வருவதுதான். ஆக, பொடியாக இருக்கிறதா என்று பார்த்துப் பயனில்லை. நல்ல பொடியா என்று பாருங்கள்.

பையை வெட்டிப் பாருங்கள்

பெட்டியில் மலையும் பனியும் அச்சடித்திருப்பதை நம்பி வாங்க வேண்டாம். ஒரு பையைக் கத்தரித்து வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் விரலால் பரப்புங்கள். துகள்கள் கறுப்பாகவோ அடர் பழுப்பாகவோ, கூடியவரை ஒரே அளவில் இருக்க வேண்டும். சாம்பல் பூத்த மாதிரி இருந்தால், சலிப்பில் அதிகம் உரசி மேல் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். சிவப்பு நிறத்தில் மெல்லிய நார் கலந்திருந்தால் காம்பு அதிகம், கொழுந்து குறைவு. விரல் நுனியில் மாவு மாதிரி ஒட்டினாலும் சரியில்லை. கடைசியில் உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து, அதன் மேல் வாயால் சூடாக ஊதி உடனே முகர்ந்து பாருங்கள். ஏலத்தில் வாங்குகிறவர்களும் இதைத்தான் செய்வார்கள். நல்ல தூளில் லேசான இனிப்பு வாசம் எழும். பழையதில் அட்டைப் பெட்டி வாசம்தான் வரும்.

அப்புறம் ஒரு சோதனை. வீட்டில் இருக்கும் பை ஒன்று, உதிரித் தூள் 2 கிராம், இரண்டையும் தனித்தனிக் கோப்பையில் போட்டு ஒரே அளவு கொதிநீர் ஊற்றி மூடி வையுங்கள். தேயிலை ருசி பார்ப்பவர்களுக்கென்று ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு சர்வதேச நெறியே இருக்கிறது. 100 மில்லி நீருக்கு 2 கிராம், 6 நிமிடம். அதற்கு முன்னோடியான பிரிட்டிஷ் தர ஆவணம் ஆறு பக்கம் வரும். டீ போடுவதற்கு ஆறு பக்கமா என்று 1999-ல் கேலிப் பரிசான இக் நோபல் கொடுத்தார்கள். வீட்டுக்கு அந்த அளவு ரொம்பக் கெட்டியாக இருக்கும். 200 மில்லிக்கு 2 கிராம், 3 நிமிடம் போதும். குடித்துப் பார்த்து உங்கள் நாக்கு எதைச் சொல்கிறதோ அதை வாங்குங்கள். என் பேச்சையும் அதற்கு மேல் கேட்க வேண்டாம்.

விலையைக் கிலோவுக்கு மாற்றிப் பார்க்கவும் மறக்காதீர்கள். 25 பை உள்ள பெட்டி 120 ரூபாய் என்று வையுங்கள். உள்ளே இருப்பது 50 கிராம். அப்படியானால் கிலோ 2,400 ரூபாய். பக்கத்திலேயே 250 கிராம் தூள் 150 ரூபாய்க்கு இருந்தால் அது கிலோ 600 தான். நடுவில் இருக்கும் 1,800 ரூபாய் காகிதத்துக்கும் நூலுக்கும் உறைக்கும் உங்கள் சோம்பலுக்கும். சோம்பலுக்குக் கொடுப்பதில் தப்பில்லை, தெரிந்து கொடுங்கள்.

பை எதனால் ஆனது

இதைப் பலர் பார்ப்பதே இல்லை. சாதாரணக் காகிதப் பை, மணிலா நார் எனப்படும் அபாக்கா முதலிய தாவர நாரில் செய்தது. ஓரத்தைச் சூட்டில் ஒட்டுகிற ரகமாக இருந்தால் காகிதத்திலேயே கொஞ்சம் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கும். பளபளவென்று வலை மாதிரி இருக்கும் பிரமிடு பைகளில் பல நைலான் அல்லது பெட் (PET) பிளாஸ்டிக். 2019-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட பிளாஸ்டிக் பைகளை 95 டிகிரி நீரில் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பையிலிருந்து சுமார் 1,160 கோடி நுண் பிளாஸ்டிக் துகள்கள் வந்ததாக எழுதினார்கள். அது பிளாஸ்டிக் பைக்கான கணக்கு, காகிதப் பைக்கு அப்படியே பொருத்தக் கூடாது. சோள மாவிலிருந்து செய்த பிஎல்ஏ வலையும் வருகிறது. கையால் கிழித்துப் பாருங்கள். காகிதம் நார் நாராகக் கிழியும், வலை இழுபடும். எனக்குப் பிரமிடு பையின் வடிவம் பிடிக்கும், இலை விரிய இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த நைலான் வலையை என் வீட்டில் வைப்பதில்லை.

ஸ்டேப்ளர் பின் அடித்த பை கண்ணில் பட்டால் வாங்காதீர்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-லேயே அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. நூல் முடிச்சுப் போட்ட பைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. இரண்டு அறையாக மடித்த பையில் நீர் சுற்றிலும் புகும், சாறு சீராக இறங்கும். ஜெர்மனியின் டீகான் நிறுவனம் 1949-ல் இயந்திரத்தில் கொண்டுவந்த வடிவம் அது.

யாருக்கு எது

அலுவலக மேசை, ஹாஸ்டல் அறை, ரயில், மதியம் தனியாக ஒரு கப் குடிக்கும் பெரியவர்: இங்கெல்லாம் பைதான் சரி. அளவு மாறாது, கழுவ ஒன்றுமில்லை. பால் வேண்டுமென்றால் முக்கால் கப் கொதிநீரில் 3 நிமிடம் பையை ஊற வைத்து எடுத்துவிட்டு, அதன் பிறகு கொதிக்கும் பாலைக் கால் கப் ஊற்றுங்கள். அந்த மதுரை அக்காவுக்குச் சொன்னதும் இதுதான். பால் சேர்க்காத டீயென்றால் பையைக் கரண்டியில் சுற்றிப் பிழியாமல் அப்படியே தூக்கிவிடுங்கள். பிழிந்தால் கடைசியில் இறங்குவது கசப்பு.

குடும்பம் முழுக்கக் காலையும் மாலையும் பால் டீ என்றால் சிடிசி டஸ்ட், இல்லை டஸ்டும் சின்ன மணியும் கலந்த தூள். தண்ணீரில் தூளை முதலில் கொதிக்க விட்டு, சாயம் இறங்கிய பிறகு பால். இதற்கு விலை உயர்ந்த தூள் வேண்டாம். இஞ்சியும் சர்க்கரையும் போட்ட பிறகு நுணுக்கமான வாசமெல்லாம் அடிபட்டுப் போகும்.

தினமும் பால் இல்லாமல் குடிப்பவர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பது ஆர்த்தடாக்ஸ் பிஓபி அல்லது பிஓபிஎஃப், உதிரியாக. பை குடிப்பவரும் இலை குடிப்பவரும் இதைக் கவனிப்பதில்லை. இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்த குடும்பங்கள் இங்கே நிறைய. அந்த வீடுகளில் பிளேன் டீக்கு இந்த ரகத்தைக் கேட்டு வாங்குவார்கள். 3 நிமிடத்தில் நல்ல செம்பு நிறம், பாலில்லாமலே நாக்கில் நிற்கும் அழுத்தம். சின்ன வடிகட்டி ஒன்று இருந்தால் போதும்.

முழு இலை, உட்கார்ந்து குடிக்க நேரம் இருப்பவர்களுக்கு. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனிக் காலத்தில் பறிக்கும் நீலகிரிக் கொழுந்தில் பூ வாசம் தூக்கலாக இருக்கும். அந்த இலையைப் பாலில் கொதிக்க வைப்பேன் என்று சொல்கிறவருக்கு விற்கவே மனசு வராது. இலை பருமனாக இருப்பதால் ஒரு டீஸ்பூனில் எடை குறைவு, கோபுரமாக எடுங்கள். கொதிநீர் ஊற்றி 4, 5 நிமிடம் மூடி வையுங்கள். கிரீன் டீ என்றால் மட்டும் கொதித்த நீரைச் சற்று ஆற விட்டு, 80 டிகிரி வாக்கில் ஊற்ற வேண்டும். முட்டை வடிவ வலைக் கூண்டில் இலையை அடைக்காதீர்கள், விரிய இடமிருக்காது. மூடி போட்ட பாத்திரத்தில் ஊற வைத்து வடிகட்டுவதே மேல். நல்ல இலை இரண்டாம் தடவையும் சாறு கொடுக்கும். பையில் அது நடக்காது.

உதிரித் தூளில் ஒரு பயம் நியாயமானது: கலப்படம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் எளிய சோதனை இது. வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, தூளைத் தட்டிவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். சாயம் ஏற்றிய தூள் உடனே தாளில் கறை விடும். நல்ல தூள் அப்படி விடாது. இரும்புத்தூள் சந்தேகம் இருந்தால் காந்தத்தை மேலே ஓட்டுங்கள். பெயர், பொதித்த தேதி, உரிம எண் எதுவும் இல்லாத பிளாஸ்டிக் கவர் தூளை, ஊட்டி போகும் வழியில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

வாங்கியதை வைப்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. தேயிலை ஈரத்தையும் வாசனையையும் பஞ்சு மாதிரி இழுக்கும். மசாலா டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு வாரத்தில் சாம்பார் பொடி டீதான். இறுக மூடும் எவர்சில்வர் டப்பா, அடுப்பிலிருந்து தள்ளி ஒரு அலமாரி, ஈரமில்லாத ஸ்பூன். ஃப்ரிட்ஜ் வேண்டாம். பொடி சீக்கிரம் வாசம் இழக்கும், இலை கொஞ்சம் தாங்கும். வெறும் அட்டைப் பெட்டியில் வரும் பைகளைப் பிரித்ததும் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். ஒவ்வொன்றும் தனித்தனி அலுமினிய உறையில் வந்தால் அப்படியே இருக்கட்டும். மழைக்காலத்தில் ஒரு கிலோ வாங்கி அடுக்குவதைவிட 250 கிராமாக வாங்கி, தீரும்போது அடுத்ததை வாங்குங்கள்.