142857: சுழன்று சுழன்று வரும் எண்ணைக் கையாலேயே செய்து பார்ப்போம்

142857-ஐ மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு வித்தை காட்டுபவர்கள் உண்டு. மனப்பாடம் தேவையே இல்லை. ஏழாம் வாய்ப்பாடு தெரிந்தால் போதும். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கால்குலேட்டர் இப்போதைக்கு வேண்டாம். அது மீதியைக் காட்டாது, நமக்கு வேண்டியதோ மீதிதான்.

படி 1: 1-ஐ 7-ஆல் வகுங்கள்

1-இல் 7 போகாது. பூஜ்யம் சேர்த்தால் 10. ஓரேழு ஏழு, மீதி 3. அடுத்து 30: நாலேழு இருபத்தெட்டு, மீதி 2. 20: ஈரேழு பதினாலு, மீதி 6. 60: எட்டேழு ஐம்பத்தாறு, மீதி 4. 40: ஐயேழு முப்பத்தைந்து, மீதி 5. 50: ஏழேழு நாற்பத்தொன்பது, மீதி 1.

தொடங்கியதும் 1-இல்தானே? இனி எல்லாம் பழையபடியே வரும். விடை 0.142857142857… என்று ஓடும்.

மீதிகளை ஓரமாக எழுதி வையுங்கள்: 1, 3, 2, 6, 4, 5. ஏழால் வகுத்தால் பூஜ்யம் தவிர வரக்கூடிய மீதிகள் இந்த ஆறுதான். ஆறும் ஒரே சுற்றில் வந்துவிட்டன.

படி 2: 1 முதல் 6 வரை பெருக்குங்கள்

142857 × 2 = 285714
142857 × 3 = 428571
142857 × 4 = 571428
142857 × 5 = 714285
142857 × 6 = 857142

அதே ஆறு இலக்கங்கள், அதே வரிசை. தொடங்கும் இடம் மட்டும் மாறுகிறது. காரணம் படி 1-லேயே இருக்கிறது. 142857-ஐ 3-ஆல் பெருக்கினால் வரும் இலக்கங்கள்தான் 3-ஐ 7-ஆல் வகுத்தாலும் வரும். 3-ஐ 7-ஆல் வகுப்பது என்றால் மீதி 3-லிருந்து கணக்கைத் தொடங்குவது. அந்த வேலையை வழியில் ஏற்கெனவே செய்துவிட்டோம்: 30-க்கு 4, 20-க்கு 2, 60-க்கு 8… ஆக 428571.

படி 3: 7-ஐத் தாண்டுங்கள்

ஏழால் பெருக்கினால் 999999. சுழற்சி போய்விட்டதே என்று பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். எனக்கு இதற்குப் பிறகு வருவதுதான் பிடிக்கும்.

எட்டால் பெருக்கினால் 1142856. கடைசி ஆறு இலக்கங்களை விட்டு, முன்னால் நிற்கும் 1-ஐப் பிரித்துக் கூட்டுங்கள்: 1 + 142856 = 142857.

இப்போது கால்குலேட்டரை எடுக்கலாம். 365-ஆல் பெருக்குங்கள்: 52142805. பிரித்துக் கூட்டினால் 52 + 142805 = 142857. அந்த 52 எங்கிருந்து வந்தது? வருடத்துக்கு 52 வாரம், மிச்சம் 1 நாள். ஒவ்வொரு வாரமும் ஒரு 999999, அதாவது பத்து லட்சத்துக்கு 1 குறைவு. அதனால் 52 முன்னால் ஏறி, பின்னால் அதே 52 குறைகிறது. கூட்டியதும் நேராகிவிடுகிறது. லீப் வருடத்துக்கு 366 போட்டால் 52285662. கூட்டினால் 285714, அதாவது இரண்டு மடங்கு. மிச்சம் 2 நாள் அல்லவா!

படி 4: வெட்டிக் கூட்டுங்கள்

142 + 857 = 999. 14 + 28 + 57 = 99. வர்க்கம் 20408122449; அதையும் வெட்டினால் 20408 + 122449 = 142857.

படி 5: வேறு பகா எண்கள்

7-க்குப் பதிலாக வேறு பகா எண்ணால் 1-ஐ வகுத்துப் பாருங்கள். 13 ஏமாற்றும். அதன் பன்னிரண்டு மீதிகளும் ஒரே சுற்றில் வராமல், 076923, 153846 என்று இரண்டு சுற்றாகப் பிரிந்துவிடும். 17 சரியாக வரும்: 0588235294117647. முன்னால் நிற்கும் பூஜ்யத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

19, 23, 29 ஆகியவையும் இந்த வகைதான். இப்படிப்பட்ட பகா எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றன என்பது கணிதவியலாளர் எமில் ஆர்ட்டின் 1927-இல் முன்வைத்த ஊகத்திலிருந்து வருவது. இன்னும் யாரும் அதை நிரூபிக்கவில்லை. நீங்கள் 19-லிருந்து தொடங்கலாம். பதினெட்டு இலக்கம் வரும், தாளை அகலவாக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.