கோத்தகிரிக் குளிரிலிருந்து சிங்கப்பூர் வெயிலுக்கு

எங்கள் குடும்பத்தின் முதல் வெளிநாட்டுப் பயணம். கோத்தகிரியிலேயே வளர்ந்த அத்தைக்கு மேட்டுப்பாளையம் வெயிலே ஆகாது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள சிங்கப்பூரை எப்படித் தாங்குவார்? பயண முகவரின் திட்டமோ நண்பகலில், சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலையடியில் நிற்கச் சொன்னது. அதை ஒதுக்கிவிட்டு, வெயிலுக்கு ஏற்ப நாளைப் பிரித்தேன்.

காலையில் தாவரவியல் பூங்கா. நுழைவு இலவசம்; ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். உச்சிவேளையில் 'கார்டன்ஸ் பை த பே' பூங்காவிலுள்ள 'கிளவுட் ஃபாரஸ்ட்' கண்ணாடிக்கூடம். மலைக்காட்டின் குளிரையும் மூடுபனியையும் அப்படியே உருவாக்கியிருக்கிறார்கள்! அத்தை சால்வையைப் போர்த்திக்கொண்டு பெரணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுவிடும் தூரத்தில் நின்று ரசித்தார். மாலையில் செராங்கூன் சாலை, வீரமாகாளியம்மன் கோவில், சூடான இட்லி.

நீங்களும் போவதானால், சிங்கப்பூருக்குள் நுழையத் தேவையான வருகை அட்டையை (SG Arrival Card) சென்றிறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் சிங்கப்பூர் அரசின் இணையதளத்தில் நிரப்புங்கள். அது இலவசம், பணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள்.