பெற்றோருக்கு அமெரிக்க கிரீன் கார்டு பெறுவது எப்படி?

21 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே பெற்றோருக்காக மனுச் செய்ய முடியும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்த உரிமை இல்லை. ஆண்டு உச்சவரம்பு இல்லாத பிரிவு என்பதால், உடன்பிறந்தோருக்கான பிரிவைப்போல் பல ஆண்டுகள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் தாய்க்கும் தந்தைக்கும் ஐ-130 என்ற மனுப் படிவத்தைத் தனித்தனியே அளிக்க வேண்டும்.

பெரும்பாலும் தாமதம் ஏற்படுவது ஆவணங்களில்தான். உங்கள் பிறப்புச் சான்றிதழில் தாயார் பெயர் 'லட்சுமி' என்றும், அவருடைய பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து 'லட்சுமி ராமசாமி' என்றும் இருந்தால், இருவரும் ஒருவரே என்பதற்கான ஆதாரங்களை முன்கூட்டியே திரட்டிக்கொள்ளுங்கள். தந்தைக்கான மனுவில் பெற்றோரின் திருமணச் சான்றிதழும் தேவைப்படுவதால், கோயிலில் நடந்து பதிவு செய்யப்படாத திருமணமாயின் அதைத் தீர்த்துவிட்டுத் தொடங்குவதே நல்லது.

வருமானம் குறித்த ஐ-864 உறுதிமொழியில், மனுச் செய்யும் நீங்கள் பொதுவாகக் குடும்ப எண்ணிக்கைக்கேற்ற அமெரிக்க வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீத வருமானத்தைக் காட்ட வேண்டும்.

பெற்றோரின் மனத்தையும் கேட்டுவிடுங்கள். பேரக்குழந்தையைப் பார்த்துவிட்டு ஆண்டில் பாதிக்குமேல் ஊரிலேயே இருக்க விரும்புவோருக்கு இந்த அட்டை பொருந்தாது. மறுநுழைவு அனுமதியின்றி ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கினால் அதை இழக்கவும் நேரலாம். அவர்களுக்குச் சுற்றுலா விசாவே போதும்.