பள்ளிப் பலகைக்கு ‘இன்றைய நாள்’ பட்டியல்: ராஜாஜி அக்டோபரில் பிறந்த கதையும் அதைச் சரிசெய்த வழியும்

ஏற்காட்டில் என் மகள் படிக்கும் பள்ளியில், பிரார்த்தனைத் திடலை ஒட்டி ஒரு கரும்பலகை இருக்கிறது. தினமும் காலையில் ஒரு பிள்ளை அதில் ‘இன்றைய நாள்’ என்று இரண்டு வரி எழுத வேண்டும்: யார் பிறந்தார்கள், என்ன நடந்தது. அந்தப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் தயார் செய்து தரும் வேலையை நானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஒரு அக்டோபர் 12. நல்ல பனிமூட்டம். பலகையில் ‘இன்று ராஜாஜி பிறந்தநாள்’ என்று கொட்டை எழுத்தில் நிற்கிறது. பேத்தியைக் கொண்டுவந்து விட்ட ஒரு தாத்தா, குடையை மடக்காமலே நின்று அதைப் படித்தார். என்னிடம் வந்தார். “ஏங்க, ராஜாஜி டிசம்பர்லதானே பொறந்தாரு? அவர் முனிசிபாலிட்டி சேர்மனா இருந்த சேலம் கீழதான் இருக்குது. இங்க உக்காந்துகிட்டே பொறந்தநாள மாத்திட்டீங்களே” என்றார்.

அவர் சொன்னது சரி. ராஜாஜி பிறந்தது 1878 டிசம்பர் 10. நானும் 10/12/1878 என்றுதான் தட்டியிருந்தேன். அது எப்படி அக்டோபர் ஆனது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது. உங்கள் ஞாயிறாவது மிஞ்சட்டும் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் கருவி

கூகுள் ஷீட் போதும். எக்ஸெல் வைத்திருப்பவர்கள் கோபப்படாதீர்கள், காரணம் கீழே வருகிறது. ‘இன்று பிறந்தவர்கள்’ என்று தானாகக் காட்டும் செயலிகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவற்றில் வெளிநாட்டுப் பாடகர்கள் இருபது பேர் வருவார்கள். மேட்டூர் அணை வராது. சொந்தமாகத் தொகுத்தால்தான் 1934 ஆகஸ்ட் 21 அணை திறந்த நாள் என்பதும், 1970 செப்டம்பர் 16 சேலம் உருக்காலைக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய நாள் என்பதும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும்.

ஷீட் திறப்பது, பெயர் வைப்பது, தமிழில் தட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும்: யாராவது பாமினி எழுத்துருவில் (யூனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துரு, ஒட்டினால் குழம்பிய ஆங்கில எழுத்தாக நிற்கும்) அடித்த பழைய பட்டியலைக் கொடுத்தால் வாங்கி ஒட்டாதீர்கள். திரும்ப அடிப்பதே சீக்கிரம் முடியும்.

ஒரு எழுத்துகூட அடிப்பதற்கு முன்

ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போங்கள். அங்கே லோக்கேல் என்று ஒன்று இருக்கும்; எந்த நாட்டு வழக்கப்படி தேதியைப் படிப்பது என்று ஷீட்டுக்குச் சொல்வது அதுதான். அதில் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்று இருந்தால் ‘இந்தியா’ என்று மாற்றுங்கள். கீழேயே நேர மண்டலம் இருக்கும், அதையும் இந்திய நேரமாக்குங்கள். இரண்டையும் இப்போதே செய்துவிடுங்கள், அப்புறம் செய்துகொள்ளலாம் என்று விடாதீர்கள்.

நான் விட்டேன். அமெரிக்க அமைப்பில் மாதம்தான் முதலில் வரும். ஆகவே 10/12 என்றால் பத்தாம் மாதம் பன்னிரண்டாம் தேதி. ராஜாஜி அக்டோபருக்குப் போனார். 11/12 என்று போட்ட பாரதியார் நவம்பர் 12க்குப் போனார். 3/6 என்று போட்ட கலைஞர் மார்ச் 6இல் உட்கார்ந்தார். 7/11 கமல் ஜூலை 11. ஆனால் பெரியார் (17/9), அண்ணா (15/9), காமராஜர் (15/7), எம்.ஜி.ஆர். (17/1) நால்வரும் அசையவில்லை. பதினைந்தாவது மாதம் என்று ஒன்று இல்லை அல்லவா? அதனால் ஷீட் அவற்றைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. டிசம்பர் 12இல் பிறந்த ரஜினி மட்டும் எந்தப் பக்கம் புரட்டினாலும் ரஜினிதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு. தேதி எழுதிய நெடுவரிசையை மேலிருந்து கீழே பாருங்கள். சில தேதிகள் கட்டத்தின் இடது ஓரத்திலும் சில வலது ஓரத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தால், ஷீட் உங்களை ஏமாற்றுகிறது என்று அர்த்தம். வலதில் நிற்பவை தேதியாக மாறியவை, இடதில் நிற்பவை எழுத்தாகத் தங்கியவை. என்னுடைய பட்டியல் தேங்காய்நார் பிரிந்த கயிறு மாதிரி இரண்டு பக்கமும் சிலும்பிக்கொண்டிருந்தது. அது ஏன் என்று நான் கேட்கவே இல்லை.

இன்னொரு கண்ணி: எல்லாம் அடித்து முடித்த பிறகு லோக்கேலை இந்தியாவாக மாற்றினால் பழைய தப்பு சரியாகாது. உள்ளே அக்டோபர் 12 என்று பதிந்தது பதிந்ததுதான். காட்டும் விதம் மட்டும் மாறி 12/10/1878 என்று நிற்கும்.

தேதியைத் தேதியாக எழுதாதீர்கள்

லோக்கேல் புரிந்ததும், கெட்டிக்காரத்தனமாக, மாதம், நாள், ஆண்டு மூன்றையும் தனித்தனியாக எழுதி, ‘டேட்’ சூத்திரத்தால் சேர்த்துவிடலாம் என்று போனேன். ராஜாஜி 3778ஆம் ஆண்டு பிறந்தார்.

தட்டச்சுப் பிழை இல்லை. அந்தச் சூத்திரம், 1900க்குக் கீழே எந்த ஆண்டு கொடுத்தாலும் அதோடு 1900ஐக் கூட்டிவிடும். 78 என்று சுருக்கமாகப் போட்டால் 1978 வரட்டும் என்று வைத்த வசதி அது. 1878ஐயும் 1900ஐயும் கூட்டினால் 3778. எக்ஸெல்லிலும் இதே கதைதான். அதோடு எக்ஸெல்லுக்கு 1900 ஜனவரி 1க்கு முந்திய தேதி என்றாலே தேதி இல்லை, வெறும் எழுத்து. பாரதியார், பெரியார், ராமானுஜன், ராஜாஜி, எல்லோரும் அதற்கு முன்னால் பிறந்தவர்கள். நம் வேலைக்கு எக்ஸெல் தோதுப்படாது என்று சொன்னது இதற்காகத்தான்.

கடைசியில் வேலை செய்த வழி இது. முதல் நெடுவரிசையில் மாதம், இரண்டாவதில் நாள், மூன்றாவதில் ஆண்டு. எல்லாம் வெறும் எண்கள். நான்காவதில் ‘சாவி’: மாதத்தை நூறால் பெருக்கி நாளைக் கூட்டுங்கள். ராஜாஜிக்கு 12 × 100 + 10 = 1210. எம்.ஜி.ஆருக்கு 117. அண்ணாவுக்கு 915. ஒரு நாளுக்கு ஒரு எண், இரண்டு நாள் ஒரே எண்ணில் மோதாது. சாவியை வைத்து வரிசைப்படுத்தினால் ஜனவரி முதல் டிசம்பர் வரை அழகாக நிற்கும். ஆண்டு 1878 ஆனாலும் 1330 ஆனாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அப்புறம் இரண்டாவது தாளில் ஒரு கட்டத்தில் இன்றைய சாவியை வரவழையுங்கள்: ‘டுடே’ தரும் தேதியின் மாதத்தை நூறால் பெருக்கி நாளைக் கூட்ட வேண்டும். அதன் கீழே ‘ஃபில்டர்’ சூத்திரம் போட்டு, முதல் தாளில் அதே சாவி உள்ள வரிகளை மட்டும் இழுக்கச் சொல்லுங்கள். முடிந்தது. காலையில் போனில் திறந்தால் அன்றைய வரிகள் மட்டும் நிற்கும். (நேர மண்டலத்தை மாற்றச் சொன்னது இதற்காக. அமெரிக்க மேற்குக்கரை நேரத்தில் விட்டால் காலை ஒன்பது மணிக்கு முந்தின நாள்தான் வரும்.)

எதுவும் இல்லாத நாளில் பிழைச் செய்தி வரும். அன்றைக்கு ஒரு குறள் எழுதச் சொல்லிவிட்டேன். 366 நாளையும் ஒரே மூச்சில் நிரப்பப் பார்க்காதீர்கள்; அப்படி நிரப்பும்போதுதான் குப்பை உள்ளே வரும்.

“என்ன நடந்த நாள்?”

இந்த நெடுவரிசையைப் பலர் வைப்பதில்லை. நான் இதை வைக்காத பட்டியலை நம்புவதில்லை.

‘தமிழ்நாடு உருவான நாள்’ என்று ஒரு வரி எழுதுகிறீர்கள். எந்த நாள்? மொழிவாரியாக மாநிலம் பிரிந்தது 1956 நவம்பர் 1. தமிழ்நாடு என்று பெயர் சூட்டச் சட்டசபையில் தீர்மானம் நிறைவேறியது 1967 ஜூலை 18. பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. மூன்றும் சரி, மூன்றும் வேறு வேறு காரியம். ஆகவே ஒவ்வொரு வரிக்கும் ஒரு வினைச்சொல் போடுங்கள்: பிறந்தார், இறந்தார், தீர்மானம், அடிக்கல், திறப்பு, நடைமுறை. வினை தெரியவில்லையென்றால் அந்தத் தேதி உங்களுக்கு இன்னும் தெரியாது என்று பொருள். சேலத்துக்கே வருவோம். ‘திராவிடர் கழகம் – ஆகஸ்ட் 27’ என்றால் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. ‘1944, நீதிக்கட்சி தன் பெயரைத் திராவிடர் கழகம் என்று மாற்றிக்கொண்ட சேலம் மாநாடு’ என்றால் புரியும். ‘பிப்ரவரி 11 – சேலம் சிறை’ என்றும் விடக்கூடாது. 1950இல் அந்த நாளில் துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

இடத்துக்கும் இதே கவனம் தேவை. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி அன்று சேலம் மாவட்டம். 1965இல் தர்மபுரி தனியாகப் போனதும் தர்மபுரி மாவட்டம். 2004இல் இருந்து கிருஷ்ணகிரி மாவட்டம். எங்கள் பலகையில் ‘அன்றைய சேலம் மாவட்டம்’ என்று எழுதினோம். தாத்தா தலையாட்டினார்.

பாரதியார் நினைவுநாளில் வினைச்சொல்லும் உதவாது. 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு தாண்டிய பிறகு உயிர் பிரிந்தது. கடிகாரப்படி 12. பொழுது விடிந்தால்தான் மறுநாள் என்கிற பஞ்சாங்கக் கணக்கில் 11. அதனால்தான் இரண்டு தேதியும் புழங்குகின்றன. 2021இல் தமிழக அரசு செப்டம்பர் 11ஐ மகாகவி நாளாக அறிவித்தது. நான் 911இல் எழுதி, குறிப்பில் காரணத்தைப் போட்டிருக்கிறேன்.

வெளிநாட்டு ஆட்களில் ஒரு சங்கடம்: பழைய காலண்டர். நியூட்டன் 1642 கிறிஸ்துமஸ் அன்று பிறந்தார் என்பது அன்றைய இங்கிலாந்துக் கணக்கு. இப்போதைய கணக்கில் 1643 ஜனவரி 4. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நவம்பர் 7இல் கொண்டாடப்படுவதும் இதனால்தான். நிலவில் மனிதன் இறங்கியது 1969 ஜூலை 20 என்கிறோம். நம் நேரப்படி அது 21 அதிகாலை 1.47. இப்படிப்பட்டவற்றுக்கு உலகம் புழங்கும் தேதியை வைத்துக்கொண்டு, மற்றதைக் குறிப்பில் போடுங்கள்.

தேதியே இல்லாதவற்றைத் தனித்தாளில் வையுங்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்தது 1820களில். காபிக்கு ஒரு பிறந்தநாள் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். நான் தரவில்லை.

சரிபார்ப்பது பற்றி நீட்ட மாட்டேன். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத இரண்டு இடங்களில் ஒரே தேதி இருக்க வேண்டும். வாட்ஸ்அப் ஃபார்வர்டு கணக்கில் சேராது. நடிகர், நடிகைகளுக்கு நாள் மட்டும் போதும், வயசு வேண்டாம்.

பலகையில் எழுதும்போது

அச்செடுத்து ஒட்டிப் பார்த்தோம். மழைக்காலத்தில் ஏற்காட்டுக் காற்றுக்குக் காகிதம் பத்து மணிக்குள் அப்பளம் மாதிரி சுருண்டுவிடுகிறது. ஒயிட்போர்டு மார்க்கர் ஈரத்தில் பிடிக்கவில்லை. சாக்பீஸ்தான் சரி, ஆனால் பனியில் நனைந்த பலகையில் அது மாவாக அப்பும். காய்ந்த காடாத் துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்து, இரண்டு நிமிடம் விட்டு எழுதச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை 1: பிப்ரவரி 29க்கு என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டார்கள். சாவி 229. மற்ற ஆண்டுகளில் வராது என்பதால், அதே வரியை 228இலும் ஒருமுறை எழுதி ‘29 இல்லாத ஆண்டுக்கு’ என்று குறித்துவிடுங்கள். இந்த நாளுக்கு ஆள் தேடியபோது ஒரு வேடிக்கை கிடைத்தது. மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. 1900 லீப் ஆண்டு கிடையாது. ஆகவே அவருக்கு அடுத்த பிப்ரவரி 29 வந்தது எட்டு வயதில், 1904இல். அதே நாளில்தான் ருக்மிணி தேவி அருண்டேல் பிறந்தார். எக்ஸெல் மட்டும் 1900இலும் பிப்ரவரி 29 இருந்தது என்று இன்றுவரை நம்புகிறது.

பின்சேர்க்கை 2: சேலத்திலிருந்து ஒரு ஆசிரியை, தன் ஷீட்டில் சாவி 1210க்குப் பதில் 1,210 என்று கமா விழுவதாகவும், வேறு ஒருவருக்கு அது தேதியாகவே மாறிவிட்டதாகவும் எழுதியிருந்தார். சாவி நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, ஃபார்மேட் மெனுவில் எண் வகையை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்குங்கள். ஏற்கெனவே தேதியாக மாறிய கட்டங்கள் அதற்கும் மசியாவிட்டால், ஃபார்மேட்டை அழித்துவிட்டுச் சூத்திரத்தை மேலிருந்து மறுபடி இழுத்துவிடுங்கள். அவருக்குச் சரியாகிவிட்டதாம்.